இராயப்பர் வீட்டு வாசலில்



புனித நாட்டுக்குத் திருப்பயணம் சென்று திரும்பியவர்களைச் சுற்றி ஊரார் கூடும்போது, அவர்கள் முதலில் விசாரிப்பது பெத்லகேமைப் பற்றியும் கல்வாரியைப் பற்றியுமே. ஆண்டவர் பிறந்த இடத்தை முத்தி செய்தீர்களா, அவரது கல்லறைக்குள் நுழைந்து செபித்தீர்களா என்று ஆவலோடு கேட்பார்கள். கேட்பது முறையே. நம் மீட்பின் தொடக்கமும் நிறைவும் அவ்விடங்களில் அல்லவா நிகழ்ந்தன! ஆனால் பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே ஆண்டவர் எங்கே தங்கினார், யார் வீட்டில் உணவருந்தினார், எந்தக் கூரையின் கீழ் இளைப்பாறினார் என்று கேட்பவர் அரியர். அக்கேள்விக்கு விடை தேடுவோர் கலிலேயக் கடலின் வடமேற்குக் கரைக்குச் செல்ல வேண்டும். அங்கே கரிய கற்களின் வரிசைகளாகக் கிடக்கிறது கப்பர்நாகும். இத்திங்கள் அவ்வூருக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

ஆண்டவரின் சொந்த ஊர்

நாசரேத்தை விட்டு நீங்கிய இயேசு கப்பர்நாகுமில் வந்து குடியிருந்தார் என மத்தேயு எழுதுகிறார். பிறிதோரிடத்தில் அதனை அவருடைய சொந்த ஊர் என்றே குறிப்பிடுகிறார். அப்படியாயின் அது ஏதோ பேரும் புகழும் பெற்ற பட்டணமாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணிவிடக்கூடாது. நாகும் என்பவரின் சிற்றூர் என்பதே அப்பெயரின் பொருள். பழைய ஏற்பாட்டில் ஓரிடத்திலேனும் அவ்வூரின் பெயர் காணப்படவில்லை. அரண்மனையோ, கோட்டை மதிலோ அங்கே இருந்ததில்லை. ஆயிரம் அல்லது ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கணிப்பு.

எனினும் ஆண்டவர் அதனைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும். கலிலேயக் கடல் எனப் பெயர் பெற்றிருப்பினும் அது நன்னீர் ஏரியே. வடக்கு தெற்காக ஏறக்குறைய 21 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 13 கிலோமீட்டர் அகலமும் உடையது. அதன் நீர்மட்டம் கடல் மட்டத்தினும் 200 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. அக்கரையோர ஊர்கள் மீன்பிடித் தொழிலால் பிழைத்தன. யோர்தான் ஆறு வடக்கேயிருந்து அந்த ஏரியில் வந்து விழும் இடம் கப்பர்நாகுமிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். அவ்வாறே அந்நாளில் ஏரோது அந்திப்பாஸின் ஆட்சிப் பகுதிக்கும் அவன் சகோதரன் பிலிப்புவின் ஆட்சிப் பகுதிக்கும் எல்லையாய் இருந்தது. ஆகவேதான் அவ்வூரில் சுங்கத் துறை இருந்தது. சுங்கத் துறையில் மத்தேயு அமர்ந்திருந்தார். வணிகரும், படைவீரரும், வலைஞரும், உழவரும் வந்துபோகும் ஊர் அது. மக்கள் நடமாடும் இடத்தில் தம் நற்செய்தியை விதைக்க ஆண்டவர் திருவுளமானார்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பயணக் குழுவொன்றோடு நாம் அங்கே சென்றிருந்தோம். திபேரியாவிலிருந்து ஏரிக்கரையை ஒட்டியே சாலை செல்கிறது. ஒரு பக்கம் நீலநீர், மறுபக்கம் குன்றுகள். வாயிலில் இது இயேசுவின் ஊர் என்னும் பொருள்பட எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு எந்த ஆரவாரமும் இல்லை. உள்ளே நுழைந்தால் முழங்கால் உயரமும் இடுப்பு உயரமுமாக நிற்கும் கரிய சுவர்கள், அவற்றினிடையே ஒடுங்கிய தெருக்கள், ஆங்காங்கே கல்லால் ஆன திரிகைகள், எண்ணெய் பிழியும் கற்கள். கூரையில்லா ஊர் ஒன்றுக்குள் நாம் நடந்து செல்கிறோம்.

மண்ணுக்குள் மறைந்தது, மண்வெட்டியால் வெளிப்பட்டது

ஒரு காலத்தில் இவ்விடம் முற்றிலும் பாழடைந்து முட்புதராய்க் கிடந்தது. 1838இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இங்கே வந்து, சிதைந்து கிடந்த வெண்கற்கள் ஒரு யூத செபக்கூடத்தைச் சேர்ந்தவை என்று கண்டார். ஆயினும் இதுவே கப்பர்நாகும் என்று அவர் கருதவில்லை. 1866இல் சார்ல்ஸ் வில்சன் என்னும் ஆங்கிலேயர் இவ்விடத்தை ஆராய்ந்து, இதுவே நற்செய்தியில் வரும் கப்பர்நாகும் என்று அறிவித்தார். அதற்குள் அக்கம்பக்கத்தார் வீடு கட்டுவதற்கு இங்கிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு போகத் தொடங்கியிருந்தனர்.

1894இல் பிரான்சிஸ்கன் துறவியர் இந்நிலத்தை விலைக்கு வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினர். மிஞ்சிய கற்களைப் பாதுகாக்கும் பொருட்டுச் சிலவற்றின்மேல் மண்ணையே போட்டு மூடி வைத்தார்கள் என்றால், அவர்களுடைய கவலையை நாம் உணர்ந்துகொள்ளலாம். 1905இல் ஜெர்மானிய அறிஞர்கள் செபக்கூடத்தைத் தோண்டி ஆராய்ந்தனர். 1921 முதல் கௌதென்சியோ ஓர்ஃபாலி என்னும் பிரான்சிஸ்கன் குருவானவர் பணியைத் தொடர்ந்தார். செபக்கூடத்துக்குத் தெற்கே எண்கோண வடிவில் அமைந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தை அவர் வெளிக்கொணர்ந்தார். மயில் ஒன்று தோகை விரித்திருக்கும் வண்ணக்கல் தளம் அதன் நடுவே இருந்தது. 1926இல் அவர் காலமானார். பணி நின்றது.

1968இல் விர்ஜீலியோ கோர்போ, ஸ்தானிஸ்லாவோ லொஃப்ரேதா என்னும் இரு பிரான்சிஸ்கன் குருக்கள் மீண்டும் மண்வெட்டியைக் கையிலெடுத்தனர். எண்கோணக் கோவிலின் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தனர். அங்கே ஒரு வீடு இருந்தது.

எரிமலைக் கற்களால் ஆன வீடு

அந்த வீடு எப்படிப்பட்டது என்பதை வாசகர்கள் மனக்கண்முன் கொண்டுவர வேண்டும். கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டில் அது கட்டப்பட்டது. அப்பகுதியில் எங்கும் கிடைக்கும் எரிமலைக் கருங்கற்களைச் செதுக்காமலும், சுண்ணச் சாந்து இல்லாமலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தனர். தனித்தனி வீடு என்று சொல்ல முடியாது. திறந்த முற்றங்களைச் சுற்றிச் சிறு சிறு அறைகள். ஒரே தாய்வயிற்றுப் பிள்ளைகளும், அவர்தம் மனைவி மக்களும், வயது முதிர்ந்த பெற்றோரும் அம்முற்றத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தனர். அடுப்பு முற்றத்தில் எரிந்தது. பகல் வேலையெல்லாம் முற்றத்தில்தான். இரவில் உறங்க அறை. கூட்டுக்குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியோருக்கு அதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சாந்தில்லாச் சுவர் கனமான கூரையைத் தாங்காது. ஆகவே மரச் சட்டங்களைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் கிளைகளையும் நாணலையும் பரப்பி, மண் குழைத்து மெழுகினர். கூரைக்கு ஏற முற்றத்திலேயே கற்படிகள் இருந்தன. இதனைக் கண்டபின் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த நால்வர், வாசலில் கூட்டம் நெருக்கியதால் கூரைமேல் ஏறி, அதனைத் தோண்டி, படுக்கையோடு அவனை இறக்கினர் என்று வாசிக்கிறோம். கூரையைத் தோண்டுவது எப்படி என்று சிறுவயதில் நம்மில் பலர் வியந்திருப்போம். அவ்வூர்க் கூரையைப் பொறுத்தவரை மாற்கு எழுதியது எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது. இரண்டொரு நாள் வேலையில் அதனைத் திரும்ப மெழுகிவிடலாம். வீட்டுக்காரர் அதற்காக முணுமுணுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை.

தரையும் கருங்கற்களைப் பரப்பி அமைத்ததே. கற்களுக்கிடையே இடைவெளி உண்டு. சன்னல்கள் சிறியவை, உள்ளே வெளிச்சம் குறைவு. காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடிய பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கியது ஏன் என்பதும் அத்தரையைக் கண்டால் விளங்கும்.

அவ்வீட்டில் மீன்பிடிக்கும் தூண்டில் முட்கள் கிடைத்தன. அந்த ஏரியின் வலைஞர் எத்தகைய படகில் தொழில் செய்தனர் என்பதும் இன்று நமக்குத் தெரியும். 1986இல் வறட்சியால் ஏரியின் நீர் வற்றியபோது, கப்பர்நாகுமுக்குத் தென்மேற்கே உள்ள கினோசார் என்னும் ஊரருகில், சேற்றில் புதைந்திருந்த பழம்படகு ஒன்றை மீனவச் சகோதரர் இருவர் கண்டனர். ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள அப்படகு ஆண்டவர் காலத்தை ஒட்டியது என ஆய்வு கூறுகிறது. இராயப்பரின் படகு அதுதான் என்று சொல்ல யாதோர் ஆதாரமும் இல்லை; சொல்லவும் கூடாது. ஆனால் அப்படகு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. பத்துக்கு மேற்பட்ட மரவகைகள் அதில் உள்ளன. பழைய படகுகளின் பலகைகளைக் கழற்றி ஒட்டுப்போட்டு, ஒட்டுப்போட்டு அதனை ஓட்டியிருக்கிறார்கள். புதிய பலகை வாங்க வசதியற்ற உழைப்பாளிகளின் படகு அது. அத்தகைய மக்களின் வீட்டில்தான் உலகின் மீட்பர் விருந்தினராய்த் தங்கினார்.

"சாமி, இது நிசந்தானா?"

நம் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். அவ்வறையின் சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, "சாமி, இது நிசமாவே இராயப்பர் வீடுதானா? இல்ல, நம்ம மாதிரி வர்றவங்களுக்காகச் சொல்றதா?" என்று தணிந்த குரலில் கேட்டார். நல்ல கேள்வி. விசுவாசம் உடையவர் கேட்கத் தகாத கேள்வியன்று அது. ஆகவே அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே சொல்வோம்.

வீட்டு வாசலில் இராயப்பரின் பெயர் பொறித்த கல் எதுவும் அகப்படவில்லை. கிடைத்தவை வேறு. அங்கிருந்த அறைகளுள் ஒன்று மட்டும், முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, மற்ற அறைகளைப் போல் பயன்படவில்லை. அதன் தரைக்குச் சுண்ணாம்பு இட்டுக் கெட்டித்திருக்கிறார்கள். ஒருமுறை அன்று, பலமுறை. சுவர்களுக்கும் வெண்சாந்து பூசியிருக்கிறார்கள். அதுவரை அந்த அறையில் கிடந்தவை சமையல் பானை, சட்டி போன்ற அன்றாடப் பாத்திரங்கள். அதன்பின் அவை மறைந்துபோகின்றன. விளக்குகளும் சாடிகளுமே எஞ்சுகின்றன. ஆக, அந்த அறையில் சமைப்பதையும் உண்பதையும் விட்டு, மக்கள் வேறொன்றுக்காக அங்கே கூடத் தொடங்கினர்.

உதிர்ந்து கிடந்த சுவர்ப்பூச்சுத் துண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கீறல் எழுத்துகள் உள்ளன. பெரும்பாலானவை கிரேக்க மொழியில். சில அரமாயத்திலும் சிரியாக்கிலும் பிற மொழிகளிலும். திருப்பயணிகள் வந்து, ஆண்டவரின் பெயரையும், ஆமென் என்னும் சொல்லையும், சிலுவை அடையாளங்களையும் சுவரில் கீறிச் சென்றிருக்கின்றனர். இராயப்பரின் பெயரும் அவற்றில் உள்ளது என்று அகழ்ந்த குருக்கள் வாசித்தனர். அந்த வாசிப்பை ஏற்காத அறிஞரும் உளர்.

நான்காம் நூற்றாண்டில் அந்த அறையைச் சுற்றி ஒரு மதில் எழுந்தது. அறை பெரிதாக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் மேற்றிசையிலிருந்து புனித நாட்டுக்கு வந்த எஜேரியா என்னும் பெண்மணி, கப்பர்நாகுமில் அப்போஸ்தலர் தலைவரின் வீடு கோவிலாக ஆக்கப்பட்டிருந்ததையும், அதன் பழஞ்சுவர்கள் அப்படியே நின்றதையும் குறிப்பிட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் நூல் வழியாக இக்குறிப்பு நமக்கு வந்துசேர்ந்துள்ளது. ஐந்தாம் நூற்றாண்டில் அவ்விடத்தில் எண்கோணக் கோவில் எழுந்தது. அதன் நடு எண்கோணம் சரியாக அந்த அறையின்மீதே அமைக்கப்பட்டது. சுமார் 570இல் இத்தாலி நாட்டுப் பியாசென்சாவிலிருந்து வந்த திருப்பயணி ஒருவரும், இராயப்பர் வீடு இப்போது பெருங்கோவிலாக உள்ளது என்று எழுதி வைத்தார்.

ஆகவே அந்த ஆசிரியைக்கு நாம் கொடுத்த விடை இது: மண்வெட்டி ஒரு மனிதனின் பெயரைச் சொல்லாது. இந்த அறையைக் கிறிஸ்தவர்கள் மிகப் பழங்காலந்தொட்டுப் போற்றினார்கள் என்பதை அது சொல்கிறது. யாருடைய வீடென்று சொல்வது தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த நினைவு. அந்நினைவை ஐயுறுவதற்கு வலுவான காரணம் எதுவும் நாம் காணவில்லை. என்றாலும் நம் விசுவாசம் இக்கற்களின்மேல் கட்டப்படவில்லை. நாளை வேறொரு வீட்டைக் காட்டினாலும், நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு சொல்லும் மாறாது. அவர் தலையை அசைத்தார். பிறகு குனிந்து அந்த வெளிச்சுவரைத் தொட்டு முத்தி செய்தார்.

மாமியாரின் காய்ச்சல்

இராயப்பர் வீடு என்று நாம் சொல்கிறோம். மாற்கு இன்னும் நுணுக்கமாக, அது சீமோனுக்கும் பெலவேந்திரருக்கும் உரிய வீடு என்கிறார். அண்ணன் தம்பி ஒரே முற்றத்தில். அவர்களோடு இன்னொருவரும் இருந்தார்: சீமோனின் மாமியார். மருமகன் வீட்டில் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். ஓய்வுநாளில் செபக்கூடத்திலிருந்து இயேசு நேரே அவ்வீட்டுக்கு வருகிறார். வந்தவுடன் வீட்டார் செய்தது என்ன? உடனே அவரைக் குறித்து ஆண்டவரிடம் சொன்னார்கள்.

விருந்தாளி வந்திருக்கும் நேரத்தில் நோயாளியை மறைத்து வைப்பது உலக வழக்கம். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் பாய் விரிப்போம். அவ்வீட்டார் அப்படிச் செய்யவில்லை. படுத்துக் கிடந்த முதியவளைப் பற்றித்தான் ஆண்டவரிடம் முதலில் பேசினார்கள். அவர் அருகில் சென்று கையைப் பிடித்துத் தூக்கினார். காய்ச்சல் விலகியது. அவள் எழுந்து அவர்களுக்குப் பணிவிடை செய்தாள். பொழுது சாய்ந்ததும் ஊர் முழுவதும் அவ்வீட்டு வாசலில் கூடியது.

ஊர் வாசலில் கூடியது பின்னர் நடந்தது. முதலில் நடந்தது வீட்டுக்குள், ஒரு படுக்கையருகே.

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்கள் அனைவரும் அறிந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். சில வீடுகளில், நற்கருணை ஆண்டவர் வருகிறார் என்று தெரிந்ததும், நோயாளியின் கட்டிலைச் சுற்றி வீட்டார் அனைவரும் மெழுகுதிரியோடு முழந்தாளிட்டிருப்பார்கள். ஒற்றை அறை வீடாய் இருக்கும், நிற்க இடமிராது. வேறு சில வீடுகளில் வழவழப்பான கூடத்தைக் கடந்து, சமையற்கட்டைக் கடந்து, பழைய சாமான்கள் போட்டு வைக்கும் பின்புறத்துக்கு நம்மை அழைத்துச் செல்வார்கள். அங்கே ஒரு கயிற்றுக் கட்டில். அதில் பெற்ற தாய். கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும். அதனை நிறுத்தவும் ஒருவருக்கும் தோன்றாது. ஆண்டவர் எந்த வீட்டுக்குத் திரும்ப வர விரும்புவார் என்று நாம் சொல்ல வேண்டுமா?

எதிரே ஒரு செபக்கூடம்

இராயப்பர் வீட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 மீட்டர் நடந்தால் செபக்கூடம். கரிய வீடுகளுக்கு நடுவே வெண்சுண்ணக் கற்களால் ஆன அதன் தூண்கள் தொலைவிலிருந்தே கண்ணைப் பறிக்கின்றன. தொழுகை நடந்த மண்டபம் 24 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் உடையது. இது ஆண்டவர் போதித்த அதே கட்டடம் அன்று. தளத்தின் அடியில் கிடைத்த ஆயிரக்கணக்கான நாணயங்களைக் கொண்டு, இது நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது என அகழ்ந்த குருக்கள் முடிவு செய்தனர். ஆனால் அவ்வெண்கற்களின் கீழே கருங்கல்லால் ஆன பழைய தளமும் சுவரும் தெரிகின்றன. நூற்றுவர் தலைவன் ஒருவன் ஊராருக்குக் கட்டிக் கொடுத்ததாக லூக்காஸ் குறிப்பிடும் செபக்கூடம் இவ்விடத்தில் நின்றது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நாமே வானினின்று இறங்கிவந்த உணவு என்று ஆண்டவர் போதித்ததும், கேட்டவர் பலர் இது கடினமான பேச்சென்று விலகிப்போனதும் அந்தச் செபக்கூடத்திலேதான் என்று அருளப்பர் எழுதுகிறார்.

வெண்கல் தூண் ஒன்றில், அதனை அமைத்துக் கொடுத்தவரின் பெயர் அரமாய மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. அவர் பெயரும், தந்தை பெயரும், பாட்டன் பெயரும் உள்ளன. அல்பேயு, செபெதேயு, அருளப்பர் என்று நாம் நற்செய்தியில் கேட்டுப் பழகிய பெயர்களின் சாயல் அவற்றில் இருக்கிறது. நம் கோவில்களில் மின்விசிறியிலும் நாற்காலியிலும் உபயம் என்று பெயர் எழுதுவது நேற்று வந்த வழக்கம் அன்று என்று நம் குழுவினர் சொல்லிச் சிரித்தனர்.

சிரிப்பு அடங்கியபின் இன்னொரு நினைவு வந்தது. ஆண்டவர் மிகக் கடுமையாக எச்சரித்த ஊர்களுள் கப்பர்நாகும் ஒன்று. வானமட்டும் உயர்வாயோ, பாதாளமட்டும் தாழ்வாய் என்னும் கருத்துப்பட அவர் அதைக் கடிந்துகொண்டார். சோதோமின் நிலை அதைவிட இலேசாய் இருக்கும் என்றார். பாழடைந்த கற்களைச் சுட்டிக்காட்டி, இதோ சாபம் பலித்தது என்று பிரசங்கம் செய்வது எளிது. ஆனால் மண்வெட்டி சொல்லும் கதை வேறு. ஆண்டவர் எச்சரித்த பின்னும் அவ்வூர் பல நூற்றாண்டுகள் நன்றாகவே வாழ்ந்தது. வெளியிலிருந்து வெண்கல் வரவழைத்துக் கட்டும் அளவுக்குச் செழித்தது. செபக்கூடமும் கோவிலும் ஒரே தெருவில் எதிரெதிரே நின்றன. யூதரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். பின்வந்த நூற்றாண்டுகளில்தான் ஊர் படிப்படியாகத் தேய்ந்து மறைந்தது.

அப்படியாயின் ஆண்டவரின் எச்சரிக்கைக்கு என்ன பொருள்? அது சுவர்களைப் பற்றியது அன்று. அவருடைய குரலை நாள்தோறும் கேட்டவர்கள், அவருடைய நிழலில் நடந்தவர்கள், அவர் குணமாக்கிய உறவினரோடு ஒரே முற்றத்தில் உண்டவர்கள் மனம் மாறவில்லை என்பதே அவருடைய துயரம். தூரத்து ஊரார்மேல் அவர் வருந்தவில்லை. மிக அருகில் இருந்தவர்களுக்காக வருந்தினார். கோவிலுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பது, குருவானவரின் உறவினராய் இருப்பது, நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொள்வது, இவை யாவும் நல்லவையே. கப்பர்நாகும் இவற்றைவிட அதிகமாகப் பெற்றிருந்தது.

எந்த அறையைக் கொடுத்தோம்?

இன்று அந்த வீட்டின்மேல் ஒரு புதிய கோவில் நிற்கிறது. 1990 சூன் 29ஆம் நாள், இராயப்பர் சின்னப்பர் திருநாளன்று அது அர்ச்சிக்கப்பட்டது. பழஞ்சுவர்களைத் தொடாதபடி தூண்களின்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். நடுவே தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். திருப்பலிக்குப் பின் அதன் வழியே குனிந்து பார்த்தோம். கீழே அந்த அறை. நம் பங்குகளில் உள்ள சிறிய வீடு ஒன்றின் கூடத்தைவிட மிகப் பெரிது என்று சொல்லிவிட முடியாது.

முதல் திருப்பயணிகள் அந்த அறையில் கண்டது ஒரு கோவிலை அன்று. ஒரு குடும்பம் விட்டுக்கொடுத்த இடத்தை. சுற்றிலும் மற்ற அறைகளில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். அடுப்பு எரிந்தது, குழந்தை அழுதது, வலை உலர்ந்தது. இட நெருக்கடி அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆயினும் ஓர் அறையை ஆண்டவருக்கென்று ஒதுக்கி, பானை சட்டியை வெளியே எடுத்து, விளக்கை உள்ளே கொண்டுபோனார்கள். தரை பெயர்ந்தபோதெல்லாம் திரும்பப் பூசினார்கள். ஒருமுறை பூசிவிட்டு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை என்பதை அடுக்கடுக்கான அந்தச் சுண்ணாம்பு சொல்கிறது.

1964ஆம் ஆண்டு சனவரியில் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் கலிலேயாவுக்குத் திருப்பயணம் சென்று கப்பர்நாகுமிலும் கால் பதித்தார். அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபையைப் பற்றிய தன் கொள்கை விளக்கத்தில், கிறிஸ்தவக் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்னும் கருத்துப்பட அழைத்தது. பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் விசுவாசப் போதகர் என்றும் அது கற்பித்தது. புதிய போதனை என்று சிலர் எண்ணினர். கப்பர்நாகுமின் கற்களுக்கு அது மிகப் பழைய செய்தி.

வீடு மந்திரிக்க அழைப்பவர்களின் இல்லங்களுக்கு நாம் மகிழ்ச்சியோடு செல்கிறோம். ஒவ்வோர் அறையிலும் தீர்த்தம் தெளிக்கிறோம். இது படுக்கையறை, இது பிள்ளைகள் படிக்கும் அறை, இது வாகனம் நிறுத்துமிடம் என்று வீட்டார் காட்டிக்கொண்டே வருவார்கள். இனிமேல் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்க நினைக்கிறோம்: இரவு எட்டு மணிக்கு இந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து அமரும் இடம் எது? சுவரில் மாட்டிய திருஇருதயப் படத்தின் எதிரே ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். பத்து நிமிடம் கைப்பேசிகளை எடுத்துவைத்துவிட்டு, ஒரு பத்து மணி செபமாலை சொல்லி, நற்செய்தியில் நான்கு வரி வாசிக்கலாம். வீட்டில் படுத்திருக்கும் பாட்டியின் கட்டிலருகே அதைச் செய்தால் இன்னும் நன்று. அவருடைய நோயைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் சொல்லுங்கள். இராயப்பர் வீட்டார் அதைத்தான் செய்தார்கள்.

தந்தையின் வீட்டைப் பங்கு பிரிப்பதில் பேச்சுவார்த்தை அற்றுப்போன சகோதரர்களும் இதனை வாசிக்கக்கூடும். நடுச்சுவருக்காக வழக்காடிக்கொண்டிருப்போர் நம் பங்குகளில் குறைவில்லை. சீமோனும் பெலவேந்திரரும் ஒரு முற்றத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த முற்றத்துக்கு ஆண்டவர் வந்தார். இவ்வாண்டு ஒருநாள் மாலையேனும் அண்ணன் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கூடி ஒன்றாகச் செபித்துப் பாருங்கள். நிலம் அளப்பவரை அதற்குப் பிறகு அழைக்கலாம்.

புனித நாட்டுக்குச் செல்லும் பேறு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. செலவும் வயதும் உடல்நலமும் இடம் தரவேண்டும். அந்த ஏக்கத்தோடு நம்மிடம் பேசுவோர் பலர். அவர்களுக்குச் சொல்கிறோம்: இராயப்பரின் வீட்டைப் பார்க்க முடியாதவர்கள், அவ்வீட்டார் செய்ததைச் செய்ய முடியும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

கப்பர்நாகுமில் வாசல் திறந்து தம்மை வரவேற்ற அக்குடும்பத்தை ஆண்டவர் ஆசீர்வதித்ததுபோல், இவ்விதழை வாசிக்கும் ஒவ்வோர் இல்லத்தையும், அதில் நோயுற்றோரையும், முதியோரையும், பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த திங்கள் சந்திப்போம்.